லேசர் காட்டினால் பல் சீக்கிரம் நகருமா?

அக்கா மகளுக்குப் பல்லில் கிளிப் போட வேண்டும். இரண்டு வருஷம் ஆகுமாம். "லேசரும் சேர்த்துக்கிட்டா ஒரு வருஷத்துல முடிச்சிடலாம், அதுக்குத் தனிக் கட்டணம்" என்று கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அக்கா உடனே எனக்கு போன். "நீதான் எதையாவது தோண்டித் தோண்டிப் படிப்பியே, இது நிஜமாடா?" அதற்காகப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கிளிப் பல்லைத் தள்ளும்போது அழுத்தம் விழும் பக்கம் எலும்பு கரையும், எதிர்ப்பக்கம் புது எலும்பு வளரும். அந்த வேகத்துக்குத்தான் பல் நகரும். அவசரப்பட்டு அதிக விசை கொடுத்தால் பல்லின் வேரே கரையும் ஆபத்து இருக்கிறது. சூடுகூடத் தெரியாத மெல்லிய லேசர் ஒளி, இந்த எலும்புச் செல்களைச் சுறுசுறுப்பாக்கும் என்பதுதான் வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 2000-ல் ஜப்பானியர்களான கவாசாகியும் ஷிமிசுவும் எலிகளுக்குச் செய்து பார்த்தபோது பல் 1.3 மடங்கு நகர்ந்தது.

மனிதர்களில் பெரிதாகப் பேசப்படுவது 2004-ல் க்ரூஸ் குழு பிரேசிலில் செய்த சோதனை. வெறும் 11 பேர். ஒரே வாயில் ஒரு பக்கக் கோரைப்பல்லுக்கு லேசர், மறுபக்கத்துக்குக் கிடையாது. இரண்டு மாதத்தில் லேசர் பக்கம் சுமார் 34 சதவீதம் கூடுதலாக நகர்ந்தது. 2006-ல் தாய்லாந்தில் 12 பேருக்கு வேறு அலைநீளம், வேறு அளவு வைத்துப் பார்த்தார்கள். இரு பக்கமும் வித்தியாசமே இல்லை! ஆளுக்கொரு அளவில் ஒளி பாய்ச்சினால் எதை எதோடு ஒப்பிடுவது?

சரி, அந்த 34 சதவீதத்தை அப்படியே நம்புவோம். முன்கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிய இடைவெளி சுமார் 7 மில்லிமீட்டர். கோரைப்பல் மாதம் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் 7 மாதம். லேசரோடு 5 மாதம் சொச்சம். மிச்சம் இரண்டு மாதம்கூட இல்லை. அதுவும் இந்த ஒரு கட்டத்தில் மட்டும். வரிசைப்படுத்துவது, கடிப்பைச் சரிசெய்வது எல்லாம் அதற்கு வெளியே இருக்கின்றன. க்ரூஸ் குழு மாதம் நான்கு நாள் ஒளி பாய்ச்சியது. அப்படியென்றால் 5 மாதத்துக்கு 20 தடவை பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு பஸ் ஏற வேண்டும். லேசர் இல்லாவிட்டால் மாதம் ஒரு தடவை போனால் போதும்.

2023-ல் வந்த காக்ரேன் மறுஆய்வும் இதைத்தான் சொல்கிறது: தனிக் கட்டங்களில் கொஞ்சம் பலன் இருக்கலாம், ஆனால் மொத்த சிகிச்சைக் காலம் குறைவதாகத் தெரியவில்லை, ஆதாரமும் பலவீனம்தான். விற்பவர்கள் முதல் பாதியை மட்டும் படித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

லேசர் மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. மில்லிமீட்டரில் அளந்ததை வருஷத்தில் விற்பதுதான் எனக்கு உறுத்துகிறது. "எந்தக் கட்டத்துல எத்தனை மாசம் குறையும், எழுதித் தருவீங்களான்னு கேளு" என்றேன் அக்காவிடம். கேட்டிருக்கிறாள். கட்டணத்தை மட்டும் எழுதிக் கொடுத்தார்களாம்.