கதை மறைத்ததை நோட்ஸ் சொல்லிவிடுகிறது

அமெரிக்கச் சிறுகதையைப் பாத்திரம், கருப்பொருள் என்று பிரித்துப் படிப்பதுதான் நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏற்றது என்ற வாதம் கல்லூரி வட்டாரங்களில் ஓயவில்லை. நாமகிரிப்பேட்டையிலிருந்து ஆங்கில இலக்கியம் படிக்கப் போகிறவர்களில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். அவர்கள் அந்நிய மொழிக் கதைக்குள் நுழைய ஒரு வழி வேண்டும் என்கிறார்கள்.

வேண்டும்தான். ஆலிஸ் வாக்கரின் இரண்டு சகோதரிகளையோ ஃபிளானரி ஓ'கானரின் பாட்டியையோ முதல் வாசிப்பில் அடையாளம் காண இந்த முறை உதவுகிறது. அதற்கு மேல் இதற்குச் சேர வேண்டிய பெருமை எதுவும் இல்லை.

கதை எதைச் சொல்லாமல் விட்டதோ, அதையே நோட்ஸ் முதல் வரியில் சொல்லிவிடுகிறது. 1927இல் வந்த ஹெமிங்வேயின் ‘வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்’ கதையில், எப்ரோ பள்ளத்தாக்கின் ரயில் நிலையத்தில் ஒருவனும் ஒருத்தியும் பீர் குடித்தபடி மாட்ரிட் வண்டிக்குக் காத்திருக்கிறார்கள். கருக்கலைப்பு என்ற சொல் ஓரிடத்திலும் வராது. நோட்ஸிலோ கருப்பொருளே அதுதான். பிறகு மாணவர் கண்டுபிடிக்க என்ன மிச்சம்? வற்புறுத்தவில்லை என்று சொல்லிச் சொல்லியே அவன் வற்புறுத்துவதும், பேச்சை நிறுத்தச் சொல்லி அவள் கெஞ்சுவதும் ‘ஆணாதிக்கம்’ என்ற ஒற்றைச் சொல்லில் அடங்கிப்போகின்றன.

இதெல்லாம் நம் பிள்ளைகளுக்கு எட்டாது என்பதை நான் ஏற்கவே மாட்டேன். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள் அவர்கள். வாய் ஒன்றைப் பேச, காரியம் வேறிடத்தில் முடிவது அவர்களுக்குப் புதிதல்ல.

ரேமண்ட் கார்வரிடம் வந்தால் இந்த முறை முழுதாகவே கைவிடுகிறது. 1981 தொகுப்பில் உள்ள ‘குளியல்’, 1983இல் ‘கதீட்ரல்’ தொகுப்பில் வந்த ‘ஒரு சின்ன, நல்ல விஷயம்’ இரண்டையும் பாருங்கள். பிறந்தநாளன்று கார் மோதிய அதே சிறுவன், அதே பெற்றோர், வாங்காமல் விட்ட கேக்குக்காகப் போன் செய்யும் அதே பேக்கரிக்காரர். முன்னது பதிப்பாசிரியர் கார்டன் லிஷ் வெட்டிச் சுருக்கியது. அதில் பெற்றோர் பெரும்பாலும் வெறும் தாய், தந்தைதான். பிள்ளை பிழைத்தானா என்று தெரியாமலே, ஒரு போன் அழைப்பில் கதை அறுந்துவிடுகிறது. பின்னதில் அவர்கள் ஆன், ஹோவர்ட். பிள்ளை இறந்தபின் பேக்கரிக்குப் போய், அவர் கொடுக்கும் சூடான ரொட்டியைத் தின்றபடி விடியும்வரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். பாத்திரப் பட்டியல் போட்டால் இரண்டும் ஒரே கதை. கருப்பொருள் மாறியிருக்கிறதே எனலாம். எதனால் மாறியது? எந்தப் பக்கம் போனதும் ஆறுதல் போயிற்று? இதைக் கேட்க இந்த முறையில் இடமே இல்லை.

தமிழ்த் துறைகளும் தப்பவில்லை. பாத்திரப்படைப்பு, சமுதாயச் சிக்கல்கள் என்று தலைப்பு முடியும் ஆய்வேடுகள் அலமாரி அலமாரியாக இருக்கின்றன. புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’ அவற்றில் வறுமை, கற்பு என்று இரண்டு கூறாகிவிடுகிறது. முடிவில் கதைசொல்லி நம் பக்கம் திரும்பிச் சீறுகிறாரே, அதை எந்தக் கூறில் வைப்பது? வைக்க இடமில்லாததால் விட்டுவிடுகிறார்கள். அந்தச் சீற்றம் போனால் மிஞ்சுவது செய்தித்தாள் துணுக்கு.

பாடத்திட்டம் வகுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கார்வரின் இரண்டு முடிவுகளையும் வினாத்தாளிலேயே அச்சிட்டு, என்ன மாறியிருக்கிறது, எந்த வரியில் மாறியது என்று பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி வையுங்கள். அதற்குக் கைடு எழுத யாராலும் முடியாது.