வரைபலகையிலிருந்து இழைப்புளிக்கு

ஜார்ஜ் நகாஷிமா (1905–1990) கட்டடக்கலை படித்த அமெரிக்கர். பெற்றோர் ஜப்பானிலிருந்து குடியேறியவர்கள். டோக்கியோவில் கட்டடக்கலைஞர் அன்டோனின் ரேமண்டின் அலுவலகத்தில் சேர்ந்த அவர், 1930களின் பிற்பகுதியில் புதுச்சேரி வந்து அரவிந்தர் ஆசிரமத்தின் ‘கோல்கொண்டா’ விடுதிக் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டார். அதன் தேக்கு மரச்சாமான்களும் அவர் வடிவமைத்தவையே.

அமெரிக்கா திரும்பியபின் கட்டடத் தொழில் அவருக்குக் கசந்தது. வரைபவர் ஒருவர், கட்டுபவர் வேறொருவர் என்றால் வேலையின் தரம் யார் கையிலும் இல்லாமல் போகிறது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆள் பொறுப்பேற்கக்கூடிய தச்சு அவரை இழுத்தது. 1942இல், இரண்டாம் உலகப் போரின்போது, ஜப்பானிய வம்சாவளியினருக்கான ஐடஹோ தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டபோது, அங்கிருந்த ஜப்பானிய மரபுத் தச்சர் ஒருவரிடம் கைக்கருவிகளையும் மூட்டு வேலையையும் கற்றார். சிறையே பட்டறையானது விந்தைதான். 1943இல் விடுதலையாகி, பென்சில்வேனியாவின் நியூ ஹோப்பில் குடியேறிப் பட்டறை அமைத்தார்.

அவர் மேசைகளில் முதலில் கண்ணில் படுவது விரிசல். வால்நட் பலகையில் இயற்கையாக விழுந்த வெடிப்பைப் பிறர் அறுத்துத் தள்ளுவார்கள்; அவர் அதன் குறுக்கே வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டையைப் பதித்தார். இடை குறுகியும் இருமுனை அகன்றும் இருப்பதால், அது இரு பக்கத்தையும் பிடித்து வெடிப்பு மேலும் விரியாமல் நிறுத்துகிறது. விளிம்பும் சீவப்படாமல், மரம் வளர்ந்த நெளிவோடு அப்படியே நிற்கும்.