மொகிலி மலைச்சாலையில் ஒரு மெட்ராஸ் ஹெரால்டு

அறுபதுகளில் நம் ஆலைகள் கூப்பே எதையும் தரவில்லை. அம்பாசடரும் ஃபியட்டும் நான்கு கதவு வண்டிகள். கியர் ஸ்டியரிங் தண்டில் இருக்கும். ஸ்டாண்டர்டு ஹெரால்டு மட்டும் இரண்டு கதவோடும், தரையிலிருந்து எழும் குட்டை கியர் கம்போடும் வந்தது. வண்டலூர் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த கார். இங்கிலாந்தில் இதன் மூலமான ட்ரயம்ஃப் ஹெரால்டு 1959இல் வெளியானபோது சலூனும் கூப்பேயும் சேர்ந்தே வந்தன. 1962இல் வந்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரின் முன்சக்கர அமைப்பும் பின் அச்சும் ஹெரால்டிலிருந்து எடுத்தவைதான். நம்மூரில் ஸ்போர்ட்ஸ் கூப்பேயின் ருசி வேண்டுமென்றால் இந்த இரண்டு கதவு ஹெரால்டைத்தான் தேட வேண்டும்.

நண்பர் செப்பனிட்டு வைத்திருக்கும் 948 சிசி வண்டியைச் சித்தூரிலிருந்து பலமனேர்வரை ஓட்டிப் பார்த்தேன். பலமனேர் சித்தூரைவிட முந்நூறு மீட்டருக்கு மேல் உயரம். நடுவில் மொகிலி ஏற்றம். நாற்பது குதிரைத்திறன்கூடத் தராத என்ஜினுக்கு இது கடுமையான பரீட்சை.

ஏற்றத்தில் மூன்றாவது கியர் போதவில்லை, இரண்டாவதுக்கு இறங்க வேண்டியிருந்தது. முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி நின்ற பிறகுதான் போட வேண்டும். தக்காளி ஏற்றிய லாரிகள்கூட முந்திப் போயின. அதைப் பற்றிக் கவலையே வரவில்லை. காரணம் ஸ்டியரிங். ரேக் அண்ட் பினியன் அமைப்பு, பவர் உதவி எதுவும் இல்லை; சாலையின் ஒவ்வொரு ஒட்டும் விரலுக்குத் தெரிகிறது. அரை வட்டம் அடிக்க 25 அடி இருந்தால் போதும். பலமனேர் கடைத்தெருவில் ஒரே மூச்சில் திருப்பினேன். இன்றைய சிறிய கார்கள் பலவற்றுக்கு அது முடியாது.

இறக்கத்தில்தான் கவனம் வேண்டும். பின்சக்கரங்கள் தனித்தனியே அசையும் ஸ்விங் ஆக்சில். குறுக்கே ஒரே பட்டை ஸ்பிரிங். வேகமாக வளைவில் போய்க்கொண்டிருக்கும்போது பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், வண்டியின் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கி, வால் வீசும். பலமனேரில் பழைய மெக்கானிக் ஒருவர் சொன்னது இதைத்தான்: "வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க சார். உள்ளே போனப்புறம் காலை எடுக்காதீங்க." இந்த வண்டியில் நான்கு பக்கமும் டிரம் பிரேக்; இறக்கம் முழுவதும் மிதித்தால் சூடேறிப் பிடிப்பு குறையும். அதனால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது பேனட். மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து முன்பக்கம் முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்துவிடும். முன்டயர் மேலேயே உட்கார்ந்து வால்வு இடைவெளி சரிபார்க்கலாம். இப்படி அமைந்ததற்கு ஒரு கதை உண்டு. இங்கிலாந்து ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனத்தை 1953இல் போட்டி நிறுவனமான பிஎம்சி வாங்கிவிட்டது. ஒரே துண்டாக பாடி செய்துதர ஆளில்லை. எனவே தனி சேஸ் போட்டு, பாடியைப் பல துண்டுகளாக அதன்மேல் போல்ட் போட்டு முடுக்கினார்கள். இத்தாலியரான மிக்கெலோட்டி அதற்கு அழகான உருவம் கொடுத்தார். அந்த நெருக்கடியில் பிறந்த வடிவத்தால்தான் இன்றும் நம் டிங்கரிங் பட்டறையில் ஒரு துண்டை மட்டும் கழற்றிச் சரிசெய்ய முடிகிறது.

வாங்க நினைப்பவர்கள் பெயிண்டைப் பார்த்து மயங்க வேண்டாம். வண்டியைத் தூக்கி சேஸின் பக்கக் கைகளையும், கதவுக்குக் கீழ் ஓரத்தையும் தட்டிப் பாருங்கள். துரு இருந்தால் அங்கேதான் இருக்கும். முன்சக்கரத்தைத் தாங்கும் ட்ரன்னியனுக்கு கிரீஸ் அடிக்கக்கூடாது. கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். பல பட்டறைகளில் இது தெரியாமல் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். ஆயில் வறண்டு தேய்ந்தால் ஒருநாள் சக்கரம் மடிந்து விழும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை அரிக்கும். பெட்ரோல் குழாயையும் பம்ப்பின் டயஃப்ரமையும் வாங்கியவுடனே மாற்றிவிடுங்கள்.

2021 விதிப்படி 50 வயது கடந்த கார்களை விண்டேஜ் என்று பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி வேலைக்கு ஓட்ட முடியாது. ஏற்கெனவே பதிவில் இருக்கும் வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம்.

இருட்டிய பிறகு மட்டும் பலமனேர் பக்கம் இதை ஓட்டாதீர்கள். கௌண்டின்ய சரணாலயத்து யானைகள் சாலைக்கு வரும் பகுதி. இந்தக் காரின் மங்கலான விளக்கை நம்ப முடியாது.

வேகம் வேண்டுமென்பவர்களுக்கு ஹெரால்டு ஒத்துவராது. கையில் ஸ்பேனர் பிடிக்கத் தயங்காத, பகல் நேர மலைச்சாலையை விரும்புகிற ஒருவருக்கு இதைத் தாராளமாகச் சிபாரிசு செய்வேன். சேஸ் கெட்டியான வண்டி கிடைத்தால், பாடி எவ்வளவு நசுங்கியிருந்தாலும் விடாமல் வாங்குங்கள்.