வாசிப்பும் வேடிக்கையும்: சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' உருவான இளமைச் சூழல்

ஆய்வுச் சுருக்கம்

இளமை வாசிப்பே ஒருவரை எழுத்தாளராக்குகிறது என்பது வாழ்க்கை வரலாற்றுத் திறனாய்வில் பெருவழக்கான கருத்து. வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' குறுநாவலைச் சான்றாகக் கொண்டு, விளையாட்டை வேடிக்கை பார்த்த பயிற்சிக்கும் அதில் பங்குண்டு என இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: செல்லப்பா, வாடிவாசல், வத்தலக்குண்டு, ஜல்லிக்கட்டு, இளமை வாசிப்பு.

முன்னுரை

பழனி மலையடிவாரத்தில், கொடைக்கானலுக்கு ஏறும் வழியில் அமைந்த ஊர் வத்தலக்குண்டு. பி. ஆர். ராஜம் ஐயரும் (1872–1898) பி. எஸ். ராமையாவும் (1905–1983) இங்குப் பிறந்தவர்கள். செல்லப்பா (1912–1998) சின்னமனூரில் பிறந்து இவ்வூரில் வளர்ந்தவர். சிற்றூர் ஒன்று நவீன உரைநடைக்கு மூவரை அளித்ததை 'மண்ணின் பெருமை' என்று கூறி முடித்துவிடுவது விளக்கமாகாது.

வாசிப்பு மரபு

ராஜம் ஐயரின் 'கமலாம்பாள் சரித்திரம்' 1893 முதல் 1895 வரை 'விவேக சிந்தாமணி'யில் தொடராக வெளிவந்து, 1896இல் நூலாயிற்று. செல்லப்பா பிறப்பதற்கு 14 ஆண்டுகளுக்கு முன்பே அவர் மறைந்துவிட்டார். எனவே அவரிடமிருந்து எதுவும் வந்திருக்குமாயின் அது நூல்வழியாகவும் ஊரார் பேச்சுவழியாகவுமே வந்திருக்க இயலும். ராமையாவின் தொடர்பு நேரடியானது. அவர் ஆசிரியராக இருந்த 'மணிக்கொடி'யில் செல்லப்பா கதைகள் எழுதினார். பிற்காலத்தில் ராமையாவின் சிறுகதைப் பாணியைப் பற்றித் தனிநூலே இயற்றினார்.

புனைகதை என்னும் துறையைச் செல்லப்பா தேர்ந்ததற்கு இம்மரபு காரணம் காட்டும். எனினும் 'வாடிவாசல்' தோன்றியதற்கு அது போதிய காரணமாகாது. அக்ரகாரக் குடும்ப வாழ்வைச் சித்திரிக்கும் 'கமலாம்பாள் சரித்திர'த்திலிருந்து மாடு அணைபவனின் கைப்பிடியைக் கற்க முடியாது.

வேடிக்கை என்னும் பயிற்சி

1959இல் நூலாக வெளிவந்த 'வாடிவாசல்', தன் தந்தை அம்புலியைக் கொன்ற காரிக் காளையை அணைய வரும் பிச்சியின் கதை. ஒரே களம், சில மணி நேரம் என்னும் எல்லைக்குள் கதை முடிகிறது. காளையின் பார்வை, கொம்பின் அசைவு, திமிலைப் பற்றும் கணம் ஆகியவற்றை நூல் நுணுகி விவரிக்கிறது. களத்தோரத்துக் கிழவனின் பேச்சு வாயிலாக ஆட்டத்தின் நெறிகளும் பழைய நிகழ்ச்சிகளும் வாசகருக்குப் புலனாகின்றன. உரையாடல்கள் மதுரை வட்டாரப் பேச்சில் அமைந்துள்ளன.

இவ்விவரணை, ஆட்டத்தின் நெறியறிந்து பலமுறை பார்த்தவரின் நோக்கில் அமைந்தது. அக்ரகாரத்துச் சிறுவன் மாடு அணையக் களமிறங்குவது அன்றைய சாதி ஒழுங்கில் இயல்பன்று. பார்ப்பவனாக நிற்பதே அவனுக்கு வாய்த்த இடம். தமிழில் 'வேடிக்கை' என்னும் சொல் களிப்பையும் காண்டலையும் ஒருங்கே குறிக்கும். ஆடுவோனுக்குக் கணநேரத்தில் கடந்துபோவது, வேடிக்கை பார்ப்போனுக்குப் பகுத்துக் காணத்தக்கதாகிறது.

இவ்விலகலே நூலின் அறநோக்குக்கும் இடம் தருகிறது. பிச்சிக்குக் குடும்ப மானமாகவும் ஜமீன்தாருக்குக் கௌரவமாகவும் கூட்டத்துக்குக் களிப்பாகவும் ஒரே ஆட்டம் தோன்றுகிறது. தோற்ற காளையை ஜமீன்தார் சுட்டு வீழ்த்தும்போது, விளையாட்டு யாருக்கு விளையாட்டு என்னும் வினா எஞ்சுகிறது.

1959இல் தொடங்கிய 'எழுத்து' இதழில் படைப்பைக் கூறு கூறாக அலசும் திறனாய்வு முறையைச் செல்லப்பா வற்புறுத்தியதையும் இங்கு இணைத்து நோக்கலாம். ஆட்டத்தின் முடிவைவிட அது ஆடப்படும் முறையைக் கவனிக்கும் பார்வை இரண்டுக்கும் பொதுவானது.

மறுப்பும் வரையறையும்

ஜல்லிக்கட்டை வேடிக்கை பார்த்தோர் அனைவரும் எழுத்தாளராகவில்லை. முதிர்ந்த எழுத்தாளர் கள ஆய்வின் வழியாகவும் இத்தகைய நுட்பத்தைப் பெறலாம். இம்மறுப்பு ஏற்கத்தக்கதே. வேடிக்கை மட்டும் எழுத்தாளரை உருவாக்கிவிடும் என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. வாசிப்பு வடிவத்தைத் தந்தது. வேடிக்கை அவ்வடிவத்தில் இடுவதற்குரிய பொருளையும் பார்வைக் கோணத்தையும் தந்தது என்பதே இங்கு முன்வைக்கப்படும் கருத்து.

முடிவுரை

எழுத்தாளரின் இளமையை ஆராய்வோர் அவர் படித்த நூல்களின் பட்டியலோடு நின்றுவிடுகின்றனர். அவர் எவ்விளையாட்டை ஆடினார், எதை ஆட இயலாமல் பார்த்து நின்றார், எந்த இடத்திலிருந்து பார்த்தார் என்பனவும் ஆய்வு வினாக்களாக வேண்டும். சாதியும் பாலினமும் களத்துக்குள் செல்வோரையும் வெளியே நிற்போரையும் பிரித்த சமூகத்தில், இவ்வினாக்கள் இன்றிப் படைப்பின் பார்வைக் கோணத்தை முழுமையாக விளக்க இயலாது.