முதலில் பேச வேண்டியவர் யார்?

கொடை நிறுவனங்கள் இப்போது 'மனம் திறந்த உரையாடல்' நடத்துகின்றன. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு அமெரிக்க அறக்கட்டளைகளில் வலுத்த இனச் சமத்துவப் பேச்சு, இங்கே சாதிப் பேச்சாகியிருக்கிறது. "பணத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் மனசு விட்டுப் பேசட்டும்" என்று இதற்கு வக்காலத்து வாங்குகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை.

நன்மை இல்லாமல் இல்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாகப்பட்டினத்து நிவாரண முகாம்களில் தலித்துகள் ஒதுக்கப்பட்டார்கள். படகை இழந்தவருக்குப் படகு வந்தது. படகே இல்லாத தலித் கூலிக்காரர்கள் பலர் பட்டியலில் ஏறவே இல்லை. 'நாங்கள் சாதி பார்ப்பதில்லை' என்று சொல்லியே அதைக் கடந்துபோனவர்கள் உண்டு. இன்று 'சாதி' என்ற சொல்லையாவது இந்தக் கூட்டங்களில் சொல்ல முடிகிறது.

ஆனால் சொல்வது யார்? அப்படியொரு கூட்டத்துக்கு மரக்காணத்து உப்பளப் பெண்கள் சிலரை அழைத்திருந்தார்கள், நானும் போயிருந்தேன். விடியுமுன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாருகிறவர்கள், அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஓர் அம்மா, உப்புநீரில் வெடித்த பாதங்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார். மைக்கை நீட்டி, "பயப்படாம சொல்லுங்கம்மா, சாதி பாக்குறாங்களா?" என்றார்கள். மூன்று வரிசை தள்ளி, அவருக்குக் கூலி கொடுப்பவரின் உறவினர் உட்கார்ந்திருந்தார். 2013 ஏப்ரல் 25 அன்று தலித் வீடுகள் எரிந்த ஊர் மரக்காணம். வாய் திறந்தால் என்ன ஆகும் என்பது அந்த அம்மாவுக்குத் தெரியும். கேட்டவரோ மாலையில் சென்னை திரும்பிவிடுவார்.

நான் பல காலமாகச் சொல்லிவருவது இதைத்தான்: வாங்குகிறவரே பேச வேண்டியிருக்கிறது, கொடுப்பவர் வாயே திறப்பதில்லை. அறங்காவலர்கள் எந்தெந்தச் சாதி? போன ஆண்டுப் பணம் எந்தத் தெருவுக்குப் போனது? முடிவெடுத்தது யார்? கம்பெனிகளும் அப்படித்தான். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தத் துறைக்குச் செலவழித்தோம் என்று கணக்குக் காட்டுகிறார்கள். எந்தச் சாதியாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று காட்டச் சட்டமும் கேட்பதில்லை, இவர்களாகவும் பெரும்பாலும் காட்டுவதில்லை. இதைப் பேசாத கூட்டத்துக்கு எதற்கு 'மனம் திறந்த உரையாடல்' என்ற பெயர்?

அந்த அம்மா சாதியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐப்பசி மழை பிடித்துவிட்டால் பாத்தி மூழ்கிவிடும், மாதக்கணக்கில் வேலை இருக்காது. "மழைக்கு முன்னாடி ஏதாச்சும் வருமாங்க?" என்று மட்டும் கேட்டார். குறித்துக்கொண்டார்கள். வரும், வராது என்று சொல்லும் அதிகாரம் உள்ள ஒருவர்கூட அந்த மண்டபத்தில் இல்லை.