மூன்றாவது எண்

நாலே நாலு ஒயர். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு பேச்சுக்கு. காந்தப்புல சென்சாரை அர்டுயினோ யூனோவோடு இணைப்பதில் வேலை அவ்வளவுதான் என்பவர்கள், தவில்காரருக்கு வேலை தோலைத் தட்டுவது என்றும் சொல்வார்கள்.

கடையில் ஜிஒய்-271 என்று கேட்டால் கட்டைவிரல் நக அளவில் ஒரு போர்டு தருவார்கள். ஹனிவெல்லின் எச்எம்சி5883எல் சிப் இருக்கவேண்டிய இடத்தில் பெரும்பாலும் உட்கார்ந்திருப்பது க்யூஎம்சி5883எல். பெயரில் ஓரெழுத்து வித்தியாசம், குணம் வேறு. முன்னதை 30 என்ற முகவரியில் கூப்பிட வேண்டும்; பின்னது 13-க்குத்தான் வாய் திறக்கும். முன்னதுக்கு மூன்று அச்சுகளின் எண்களையும் எக்ஸ், இசட், ஒய் என்று வரிசை கலைத்துச் சொல்லும் பழக்கம் வேறு.

கைத்திறன் தெரிவது ஒயர் போகும் வழியில். ஓர் ஆம்பியர் ஓடும் ஒற்றை ஒயர், ஒரு சென்டிமீட்டர் தள்ளி 20 மைக்ரோடெஸ்லா புலத்தை எழுப்பும். எங்கள் சாத்தான்குளத்தில் பூமியின் புலமே சுமார் 40தான்! மோட்டாருக்குப் போகும் ஒயரையும் திரும்பும் ஒயரையும் சேர்த்து முறுக்கினால் ஒன்றின் புலத்தை மற்றது தின்றுவிடும். நெருக்கமாக, ஒரே சீராக முறுக்கிய ஒயரைப் பார்த்தாலே எனக்கு மனசு நிறையும்.

இந்த மண்ணுக்குக் காந்தம் புதிதில்லை. தேரிச் செம்மணலில் பாலிதீன் சுற்றிய காந்தத்தை இழுத்தால் கருமணிகள் மயிர்க்கால்போல் குத்திட்டு நிற்கும். ஆனால் சென்சார் காட்டும் வேடிக்கை வேறு. முதல்முறை இணைத்து மேசையில் கிடத்தியபோது இரண்டு எண்கள் ஆடின. மூன்றாவது பூஜ்யத்தை ஒட்டியே கிடந்தது. தூத்துக்குடிக் கடைக்குப் போன் போட்டேன்.

"அண்ணாச்சி, இசட் செத்துப்போச்சு."

"வடக்க பாத்து நிமித்தி வைங்க."

வைத்தேன். 40!

பூமியின் காந்த நடுக்கோடு இந்தத் தென்கோடியை ஒட்டிப் போகிறது. 1963-இல் தும்பாவிலிருந்து ராக்கெட் விட்டதும் அந்தக் கோட்டுக்காகத்தான். டெல்லியில் காந்தக் கோடுகள் 40 டிகிரிக்கு மேல் சரிந்து தரையைக் குத்தும். இங்கே பாய்போல் படுத்துக் கிடக்கும். இசட்டுக்குச் செங்குத்துப் பங்கு இல்லாத குறைதான்.

அந்தப் பூஜ்யத்தைச் சுத்தமாக எடுப்பதில்தான் ருசி. பித்தளை ஸ்க்ரூ போடுவேன். போர்டோடு ஒட்டிய ஓர் இரும்பு ஸ்க்ரூ போதும், கணக்குத் தப்பிவிடும். நேராக ஒருமுறை, கவிழ்த்து ஒருமுறை அளந்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சென்சாரின் சொந்தப் பிழை வெளியே வரும், அதைக் கழித்துவிடலாம்.

பகலில் சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில் காந்த நடுக்கோட்டின் வழியே கிழக்கு நோக்கி ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. அதனால் கீழே புலம் கூடுவது 0.1 மைக்ரோடெஸ்லா அளவில். என் போர்டின் நடுக்கமே அதைவிட அதிகம். அதைப் பிடிக்கத் திருநெல்வேலி பக்கம் கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருக்கிறது.

எனக்கு மேசை போதும். நேற்று போர்டின் வடக்கு ஓரத்தில் பழைய பஸ் டிக்கெட் ஒன்றைப் பல மடிப்பாகச் செருகினேன். மூன்றாவது எண் 0.7 நகர்ந்தது. ஒரு டிகிரிச் சாய்வு.