ஓர்கனின் சுவாசம்

மஹய்யாவ மேட்டிலிருந்து கண்டி நகருக்குள் இறங்கி, தலதா மாளிகைக்கு அருகே செந்நிறச் சுவர்களோடு நிற்கும் பரிசுத்த பவுல் ஆலயத்தில் குழல் ஓர்கனின் கம்பீர நாதத்தைக் கேட்டு மெய்ம்மறப்பவர்கள், வாசிப்பவரின் விரல்களைப் புகழ்வார்களேயன்றி, இத்தகைய வாத்தியத்துக்குப் பிராணவாயு ஊட்டும் புளோவர் என்னும் யந்திரத்தை நினைப்பதில்லை. முற்காலத்தில் ஓர் ஆள் மறைவில் நின்று துருத்தியை இயக்கிய பிரயாசையை, 20ஆம் நூற்றாண்டில் மின்மோட்டார் ஏற்றுக்கொண்டது. இங்கிலாந்தின் ‘டிஸ்கஸ்’, அமெரிக்காவின் ‘ஓர்கோபுளோ’ ஆகியவை இத்துறையில் பேர்பெற்றவை.

புளோவர் தரும் காற்றழுத்தம் பல ஓர்கன்களில் 3 அல்லது 4 அங்குல நீரைத் தாங்கும் அளவே; ஆயினும் அது சிறிது தளம்பினாலும் சுருதி தளம்பும். பழைய யந்திரங்கள் பலவற்றில், சுழல்தண்டின்மேல் தளர்வாகத் தொங்கும் ஓர் உலோக வளையம், தண்டு சுழலச் சுழலத் தானும் உருண்டு, கீழுள்ள தொட்டியிலிருந்து எண்ணெயை ஓயாமல் அள்ளித் தண்டுக்குப் பூசும் அழகை, மூடியைத் திறந்து பார்த்தவர் மறக்கமாட்டார். அவ்வளையம் நின்றால் பேரிங் தேயும். மழைக்கால ஈரமோ மோட்டார்ச் சுருளின் காப்பையும் தோல் இணைப்புகளையும் கெடுக்க வல்லது. மும்முனை மின்கம்பிகளில் இரண்டை இடம் மாற்றிப் பொருத்திவிட்டால், விசிறி எதிர்த்திசையில் சுழன்றும் கொஞ்சம் காற்றைத் தரும். காரணம் அறியாதார் துருத்தியில் ஓட்டை தேடிப் பொழுதைக் கழிப்பர்.

ஆகவே, பழையதென்று புளோவரை அப்புறப்படுத்துமுன், எண்ணெயை மாற்றி, தூசியைத் துடைத்து, சுழலும் திசையையும் ஒருமுறை பார்த்துவிடுமாறு ஆலய நிர்வாகிகளை வேண்டிக்கொள்கிறேன்.